தீவுக்குச் சேதி சொல்பவர் யார்?



அரசியல் தீர்வு, அதிகாரப் பகிர்வு என்று இந்தப் பக்கத்தில் நிறைய எழுதியாயிற்று. இனியும் எழுதுவோம். இந்த மாதம் உங்களோடு கதைக்க நினைப்பது, பார்த்தால் சின்ன விடயமாகத் தெரியும். நாங்கள் வாக்குப் போட்டு அனுப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் எங்களிடம் திரும்பி வந்து, "உங்களுக்கு இன்னின்ன உதவி கிடைக்கும், இந்தத் திகதிக்குள் விண்ணப்பியுங்கள், இன்ன வேலை இன்ன கந்தோரில் தடைப்பட்டு நிற்கிறது" என்று சொல்கிறாரா?

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு வாசகர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். "தேர்தலுக்கு வந்தவர்தான்" என்பார்கள்.

நெடுந்தீவு வாசகி ஒருவரின் கடிதம் என் மேசையில் இருக்கிறது. வயதான தாயுடன் வசிப்பவர். 2023இல் அஸ்வெசும என்ற அரச உதவிக் கொடுப்பனவின் பட்டியல் வந்தபோது அதில் அவர்களுடைய குடும்பத்தின் பெயர் இல்லை. இல்லையென்றால் இல்லைதான் என்று இருந்துவிட்டார்கள். மேன்முறையீடு செய்யலாம் என்பதைப் பிறகுதான் கேள்விப்பட்டிருக்கிறார். சொன்னவர் எந்த உத்தியோகத்தரும் இல்லை, லோஞ்சில் பக்கத்தில் இருந்து வந்த ஒரு பெண். அப்போது மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதி, ஜூலை 10, தாண்டிவிட்டது. "ஒருவர் ஒரு தாளில் எழுதி ஜெட்டியில் ஒட்டியிருந்தால் போதுமே ஐயா" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அந்த ஒரு வரிதான் இந்தப் பக்கத்தை எழுத வைத்தது.

யாழ்ப்பாணம் ரவுணில் இருப்பவருக்கு ஒரு தகவல் தவறிப்போனால், அடுத்த நாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கச்சேரிக்குப் போய்க் கேட்டுக்கொள்ளலாம். நெடுந்தீவுக்காரருக்கு அப்படியா? விடிய எழும்பி இறங்குதுறைக்கு வர வேண்டும். கடல் இடம் கொடுத்தால் ஒரு மணித்தியாலப் பயணம். குறிகாட்டுவானில் இறங்கி பஸ் பிடித்து, புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம் என்று யாழ்ப்பாணம் போய்ச் சேர முன்பகல் ஆகிவிடும். கந்தோரில் வரிசை. "இன்றைக்கு ஐயா இல்லை, நாளைக்கு வாங்கோ" என்றால், பின்னேர லோஞ்சைத் தவறவிடாமல் வெறுங்கையோடு திரும்ப வேண்டும். தவறவிட்டால் சொந்தக்காரர் வீட்டுத் திண்ணைதான். அன்றைய கூலியும் இல்லை, பயணக் காசும் போயிற்று. சோழகம் பெயர்ந்து கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இதைக்கூட நம்ப முடியாது.

ஆகவே தீவுகளில் தகவலும் ஒரு சேவைதான், குழாய்த் தண்ணீரைப் போல. வராவிட்டால் வீடு முழுக்கப் பாதிக்கப்படும்.

அஸ்வெசும விடயத்தையே எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின் கீழ், சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்தில் 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்தது இது. நிலைமாறும் நிலையில் உள்ள குடும்பத்துக்கு 2,500 ரூபா, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, வறிய குடும்பத்துக்கு 8,500, மிக வறிய குடும்பத்துக்கு 15,000 என்று தொடங்கினார்கள். 2025 ஜனவரியில் கடைசி இரண்டும் 10,000, 17,500 என்று கூடின. முதல் இரண்டு படிகளுக்கும் ஒரு காலவரையறை வைத்து, பிறகு அதை நீடித்தார்கள். 2025 வரவு செலவுத் திட்டத்தில், குறைந்த வருமானக் குடும்பத்து முதியோருக்கான கொடுப்பனவு 3,000இலிருந்து 5,000 ஆகவும், மாற்றுத்திறனாளிகளுக்கும் சிறுநீரக நோயாளர்களுக்குமான கொடுப்பனவு 7,500இலிருந்து 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டன.

இந்த எண்களை இவ்வளவு விபரமாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இதைப் படிக்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் குடும்பம் எந்தப் படியில் இருக்கிறது என்று தெரியும்? ஏன் அந்தப் படியில் வைத்தார்கள் என்று எவராவது சொன்னார்களா? 10,000 எங்கே, 17,500 எங்கே? ஒரு வீட்டில் மாதம் முழுக்க அடுப்பு எரிவதும் எரியாததும் இந்த இரண்டுக்கும் இடையில் இருக்கிறது.

படி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்பதிலும் எங்கள் தீவுகளுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போடுகிறார்கள். புங்குடுதீவிலும் வேலணையிலும் ஊர்காவற்றுறையிலும் பெரிய பெரிய கல்வீடுகள் இருக்கின்றன. சொந்தக்காரர் சுவிஸிலோ கனடாவிலோ இருப்பார். பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகிவிடும் என்று தூரத்து உறவில் ஒரு ஏழைக் குடும்பத்தை இருத்தியிருப்பார்கள். அவர்கள் புழங்குவது பின்பக்க அறையிலும் குசினியிலும். கணக்கெடுக்க வருகிறவர் கண்ணில் படுவதோ தூணும் விறாந்தையும் சீமெந்து நிலமும். அந்தக் குடும்பம் உண்மையில் எந்த நிலையில் இருக்கிறது என்பது படிவத்தில் எங்கே வரப்போகிறது? இப்படியான முறைப்பாடுகள் எங்களுக்கு ஒன்றிரண்டல்ல, பல வந்திருக்கின்றன.

இதைக் கொழும்பில் எழுந்து நின்று சொல்ல வேண்டியவர் யார்? கிராம அலுவலரால் சொல்ல முடியாது. பிரதேச செயலாளர் சுற்றுநிருபத்துக்குக் கட்டுப்பட்டவர். நலன்புரி நன்மைகள் சபையிடம், அமைச்சரிடம், நாடாளுமன்றத்தில் கேட்கக்கூடியவர் எங்கள் உறுப்பினர்தான். கேட்டால் மட்டும் போதாது, வந்த பதிலை எங்களுக்குச் சொல்லவும் வேண்டும். "கேட்டேன், முடியாது என்றார்கள்" என்பதும் ஒரு பதில்தான். அதைக்கூடக் கேட்காமல் எத்தனை வருடம் காத்திருப்பது?

சரி, எங்கள் உறுப்பினர் யார்? கேள்வி இங்கேதான் சிக்குகிறது.

ஒரு காலத்தில் ஊர்காவற்றுறை என்று ஒரு தேர்தல் தொகுதி இருந்தது. 1947இல் அல்பிரட் தம்பிஐயா தெரிவானார். 1956இலிருந்து வ. ஆ. கந்தையா. அவர் 1963இல் காலமானபின் இடைத்தேர்தலில் வந்தவர் வ. நவரத்தினம். 1970இலும் 1977இலும் பண்டிதர் கா. பொ. இரத்தினம். இவர்களுடைய அரசியல் பற்றி ஆளுக்கொரு அபிப்பிராயம் இருக்கலாம். ஆனால் தீவில் ஒரு பாலம் உடைந்தால், ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியர் இல்லையென்றால், யாருடைய வீட்டு வாசலில் போய் நிற்பது என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. வேலணைக்காரருக்கும் நெடுந்தீவுக்காரருக்கும் ஒரே ஆள்.

1977தான் தொகுதி முறையில் நடந்த கடைசிப் பொதுத்தேர்தல். 1989இலிருந்து விகிதாசார முறை. ஊர்காவற்றுறை இன்று யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் 11 வாக்களிப்புப் பிரிவுகளில் ஒன்று. கிளிநொச்சியும் அதற்குள்தான் இருக்கிறது. 2010இல் இந்த மாவட்டத்துக்கு 9 ஆசனங்கள். 2015இல் 7 ஆயிற்று. 2024 நவம்பர் 14 தேர்தலில் 6. தேசிய மக்கள் சக்தியின் க. இளங்குமரன், ச. ஸ்ரீபவானந்தராசா, ஜெ. றஜீவன், தமிழரசுக் கட்சியின் சி. சிறீதரன், தமிழ்க் காங்கிரஸின் கஜேந்திரகுமார் பொன்னம்பலம், சுயேச்சைக் குழுவின் இ. அர்ச்சுனா ஆகியோரே அந்த ஆறு பேர்.

ஆறு பேரும் எங்களுக்கும் உறுப்பினர்கள்தான். ஆனால் ஆறு பேருக்கும் பொறுப்பான வேலை கடைசியில் ஒருவருக்கும் பொறுப்பில்லாததாகப் போய்விடுகிறது. 1990, 91இன் இடப்பெயர்வுக்குப் பிறகு தீவுகளில் ஆட்கள் குறைந்துபோனார்கள். வாக்கும் குறைந்தது. வாக்குக் குறைந்த இடத்துக்குக் கடல் கடந்து வர எந்தக் கட்சிக்குத்தான் ஆர்வம் இருக்கும்? இது அவர்களில் எவரையும் குற்றம் சாட்டுவதற்காக எழுதுவதல்ல. முறை அப்படி இருக்கிறது. முறை மாறும்வரை தீவு மக்கள் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

"எம்.பி. முகநூலில் எல்லாம் போடுகிறாரே" என்று சிலர் சொல்வார்கள். போடுகிறார்கள், உண்மை. நாடாளுமன்றத்தில் பேசிய பேச்சு, அமைச்சரைச் சந்தித்த படம், மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் நடந்த வாக்குவாதம் எல்லாம் சில நிமிடங்களில் வந்துவிடும். பாரிஸில் இருக்கும் பேரன் பார்த்துவிடுவான். அனலைதீவில் இருக்கும் அம்மம்மா பார்க்கமாட்டார். அந்த வாக்குவாதத்தால் அனலைதீவுக்கு என்ன கிடைத்தது என்று பேரனுக்கும் தெரியாது, அம்மம்மாவுக்கும் தெரியாது.

எங்களுக்குத் தேவை அறிக்கை. பேச்சு வேறு, அறிக்கை வேறு.

படகு விடயத்தைப் பாருங்கள். குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்ற பெயர்கள் எங்கள் வீடுகளில் பிள்ளைகளின் பெயர்போலப் புழங்குகின்றன. குமுதினி என்றால், அதில் வந்த பயணிகள் படுகொலை செய்யப்பட்ட 1985 மே 15ஐ நினைக்காத நெடுந்தீவுக் குடும்பம் இல்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகும் பல ஆண்டுகள் அதே படகில்தான் ஏறி இறங்கினோம். ஒரு படகு பழுதென்று நிறுத்தப்பட்டால் பாரம் முழுவதும் தனியார் படகுகளில் விழுகிறது. யார் பொறுப்பு என்று கேட்டால், இந்தப் படகு வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையது, அந்தப் படகு பிரதேச சபையுடையது, இறங்குதுறை வேறொரு திணைக்களம் என்று பதில் வரும். எல்லாம் சரியான பதில்தான். ஆனால் டயலிசிஸுக்குப் போக வேண்டிய ஒருவர் இதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? திருத்த வேலைக்குக் காசு ஒதுக்கியாயிற்றா, எந்த மாதம் படகு திரும்பும், அதுவரை மாற்று ஏற்பாடு என்ன என்ற மூன்று வரிதான் அவருக்குத் தேவை.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் ஓடும், பாதை எனப்படும் மிதவையும் இப்படித்தான். சில நிமிடத்தில் கடக்கிற கடல் அது. பாதை நின்றுவிட்டால் பண்ணை வழியாக யாழ்ப்பாணம் போய், வட்டுக்கோட்டைப் பக்கம் திரும்பி, பொன்னாலைப் பாலம் கடந்துதான் காரைநகர் சேரலாம். பள்ளிக்கூட ஆசிரியரும் மீன் வியாபாரியும் விடிய வந்து கரையில் நின்றபிறகுதான் "இன்றைக்கு ஓடாது" என்று அறிகிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய சக்தியும் காற்றும் கலந்த மின் திட்டம் என்று 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுத்தார்கள். இந்தியா ஆட்சேபித்தது. 2022 மார்ச்சில் திட்டம் இந்தியாவின் பக்கம் வந்தது. 2024 மார்ச் 1இல் இந்திய நன்கொடையில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. உலகப் பத்திரிகைகளெல்லாம் எங்கள் மூன்று தீவுகளின் பெயரையும் எழுதின. சீனாவா இந்தியாவா என்று தொலைக்காட்சிகளில் விவாதம் நடந்தது. டீசல் ஜெனரேற்றரை நம்பி இருக்கும் நெடுந்தீவு வீட்டுக்காரருக்கு இந்த விவாதத்தில் என்ன இருக்கிறது? எங்கள் வீட்டுக்கு எப்போது? பில் குறையுமா? மீனுக்கு ஐஸ் போட வசதி வருமா? இதை இறங்குதுறையில் நின்று சொல்ல ஒருவர் வேண்டும். எழுவைதீவில் இதே மாதிரியான ஒரு திட்டம் ஏற்கெனவே இயங்கியது. அதில் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று அந்த ஊர்ச் சனத்திடம் கேட்டு மற்றத் தீவுகளுக்குச் சொல்வதும் ஒரு மக்கள் பிரதிநிதியின் வேலைதானே?

கனடாவில் இருக்கும் எங்கள் வாசகர்களுக்கு ஒரு விடயம் தெரிந்திருக்கும். அங்கே நாடாளுமன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் தன் தொகுதியிலுள்ள எல்லா வீடுகளுக்கும் ஆண்டுக்கு நான்கு தடவை வரை ஒரு செய்தித்தாள் அனுப்பலாம். அச்சுச் செலவை நாடாளுமன்றம் பார்த்துக்கொள்கிறது. புதிய உதவித் திட்டம், வரிச் சலுகை, அலுவலக நேரம், உறுப்பினர் எழுப்பிய கேள்விகள் என்று அதில் இருக்கும். ஸ்காபரோவில் குடியிருக்கும் புங்குடுதீவுக்காரரின் வீட்டுத் தபால்பெட்டிக்கு இது வருகிறது. புங்குடுதீவில் அவருடைய தங்கச்சி வீட்டுக்கு ஒன்றும் வருவதில்லை.

எங்கள் நாட்டில் முடியாதா? எங்கள் உறுப்பினர்களுக்கும் தபால் செலவுக்கென்று அரசு வசதி கொடுக்கிறது. பன்முகப்படுத்தப்பட்ட நிதி கொடுக்கிறது. தமிழில் பேசியது நாடாளுமன்றப் பதிவான ஹன்சாட்டில் தமிழிலேயே வருகிறது. வீடுவீடாக அனுப்பத் தேவையில்லை. மாதம் ஒரு தாள், இரண்டு பக்கம், பெரிய எழுத்தில். குறிகாட்டுவான், நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை இறங்குதுறைகளில் ஒன்று, ஒவ்வொரு சங்கக் கடையிலும் தபால் கந்தோரிலும் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் தேவாலயத்திலும் வாசித்துவிடச் சொன்னால் எழுத்துத் தெரியாத ஆச்சிக்கும் போய்ச் சேரும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் உறுப்பினரின் படம் பெரிதாகவும் தகவல் சிறிதாகவும் இருந்தால் பிரயோசனம் இல்லை. அஸ்வெசும எந்தக் கட்சியின் கொடையும் அல்ல. முதியோர் கொடுப்பனவு எவருடைய தயவும் அல்ல. நாங்கள் வாங்குகிற சீனிக்கும் சவர்க்காரத்துக்கும் கட்டுகிற வரியும் அதற்குள் இருக்கிறது. எங்கள் காசைப் பற்றி எங்களுக்குக் கணக்குச் சொல்வதற்குக் கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

எதிர்க்கட்சி உறுப்பினருக்கு அதிகாரம் இல்லையே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. படகைத் திருத்து என்று அவரால் உத்தரவிட முடியாது. ஆனால் எழுத்தில் கேள்வி கேட்கலாம். பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கு ஒரு குடிமகனின் மனுவைக் கொண்டுபோகக் கூடியவரே நாடாளுமன்ற உறுப்பினர்தான். இந்த வழி இருக்கிறது என்பதே எங்களில் பலருக்குத் தெரியாது. மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவுக்கு இப்போது தலைமை தாங்குபவர் கடற்றொழில் அமைச்சர் இராமலிங்கம் சந்திரசேகர். கடற்றொழிலை நம்பிய தீவுகளுக்கு அது வாய்ப்பானதுதான். அந்தக் கூட்டத்தில் தீவுகளைப் பற்றி என்ன தீர்மானம் எடுத்தார்கள், போன தீர்மானம் என்ன ஆயிற்று என்று எழுத எந்தக் கட்சிக்காரருக்கும் தடை இல்லை.

பிரதேச சபைகளையும் மறக்கக் கூடாது. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்து, 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு வருடத்துக்கு மேல் எங்களுக்குத் தெரிவு செய்யப்பட்ட உள்ளூராட்சியே இருக்கவில்லை. வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. இடையில் இருந்த படிகள் இப்படி உடைந்து கிடந்த காலத்தில் தீவு வீடுகளுக்குத் தகவல் கொண்டுபோனவர்கள் யார்? விதானையார், குடும்பநல உத்தியோகத்தர், பள்ளிக்கூட ரீச்சர், லோஞ்ச் ஓட்டுகிற அண்ணை. அவர்களுக்கு நாங்கள் நன்றி சொல்ல வேண்டும். அதே நேரம், எம்.பி.யின் வேலையையும் அவர்கள் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்க முடியாது.

இனி உங்களிடம் வருகிறேன்.

நாங்கள் கேட்காவிட்டால் யாரும் சொல்லப் போவதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த அரச கந்தோருக்கும், அங்குள்ள தகவல் உத்தியோகத்தரின் பெயருக்கு, வெள்ளைத் தாளில், தமிழில் எழுதிக் கொடுக்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை. வாங்கிக்கொண்டதற்குத் துண்டு தர வேண்டும். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலைநாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். படகுத் திருத்தத்துக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவானது என்று நெடுந்தீவு மீனவர் சங்கம் ஒன்று எழுதிக் கேட்டால் போதும், பல வாய்கள் திறக்கும். தாங்களாக எழுதத் தயங்குகிறவர்களுக்குப் பக்கத்து வீட்டு ஏ.எல். படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கலாம். பிள்ளைக்கும் அது நல்ல படிப்பு.

எங்கள் பங்குக்கு ஒன்று செய்யத் தீர்மானித்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து இந்தச் சஞ்சிகையில் ஒரு பக்கம் தீவகத்துக்கு. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஆறு உறுப்பினர்களுக்கும், ஊர்காவற்றுறை, வேலணை, நெடுந்தீவு, காரைநகர் பிரதேச சபைத் தவிசாளர்களுக்கும் உங்கள் கேள்விகளை எழுத்தில் அனுப்புவோம். வரும் பதிலை வெட்டாமல் கொத்தாமல் போடுவோம். பதில் வராவிட்டால் கேள்வியை மட்டும் போட்டு, அதன் கீழே "பதில் கிடைக்கவில்லை" என்று அச்சிடுவோம். கட்சி பார்க்கமாட்டோம். எவருடைய படமும் வராது. அந்தப் பக்கத்தைத் தனியாகவும் அச்சடித்து இறங்குதுறைகளுக்கு அனுப்புவோம்.

வெளிநாட்டில் இருக்கும் தீவக வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நீங்கள் அள்ளிக் கொடுக்கிறீர்கள், நன்றி. அடுத்த முறை ஊருக்கு ரெலிபோன் எடுக்கும்போது, உங்கள் வீட்டில் இருக்கும் அந்தக் குடும்பத்துக்கு அஸ்வெசும கிடைக்கிறதா என்று ஒரு தடவை கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால், வீடு உங்களுடையது, அவர்கள் காவலுக்கு இருப்பவர்கள் என்று ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். மேன்முறையீட்டில் அந்தக் கடிதம் அவர்களுக்குக் கைகொடுக்கலாம்.

உங்கள் கேள்வி ஒரு தபாலட்டையில் அடங்கினால் போதும். ஊரின் பெயர், எந்தக் கந்தோர் சம்பந்தப்பட்டது, எப்போதிலிருந்து பிரச்சினை என்பதைத் தெளிவாக எழுதுங்கள். உங்கள் பெயர் அச்சில் வர வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள், போடமாட்டோம். முதல் தொகுதிக் கேள்விகள் இம்மாதம் 25ஆம் திகதிக்குள் எங்கள் கைக்குக் கிடைக்க வேண்டும். லோஞ்சில் வருகிற தபால் பிந்தும் என்பதால், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு வாசகர்களுக்கு மாதக் கடைசி நாள் வரை காத்திருப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்